தொலைவும் குறியும்: தேவனாம்பட்டினத்துக் குண்டெல்லை பற்றிய ஓர் ஆய்வு

படைக்கருவி ஒன்றைத் தேர்வோன் முதற்கண் வினவவேண்டுவது யாது? 'இஃது எத்துணைத் தொலைவு செல்லும்?' என்பதா? 'யான் கருதிய பொருளை இதனால் எய்த இயலுமா?' என்பதா? இவ்விரு வினாக்களும் ஒன்றே போலத் தோன்றும், ஆயின் ஒன்றல்ல. மான் வேட்டைத் துப்பாக்கிக்கு ஏற்ற தொலைநோக்கிக் குறிகாட்டியைச் சிறுபொருள் கொண்டு வாங்க முயல்வோர் வேட்டைக்கு இசைவுள்ள அயல்நாடுகளில் இன்றும் இவ்வினாக்களை எதிர்ப்படுகின்றனர். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், உரிமம் பெற்று வேட்டையாடும் வழியை அடைத்த 1991ஆம் ஆண்டின் திருத்தமும் மான் வேட்டையைக் குற்றமாக்கிவிட்டன. ஆதலின் நமக்கு அவ்வினாக்களால் நடைமுறைப் பயன் இல்லை. எனினும் கடலூர், சிதம்பரம் பகுதியின் வரலாற்றில் அவை பெரிதும் பொருளுடையன. ஒரு முறை, பல ஊர்களின் உரிமையே கருவித் தேர்வால் முடிவாயிற்று. அதனை ஈண்டு ஆராய்வாம்.

1. குண்டினால் அளந்த நிலம்

கி. பி. 1690ஆம் ஆண்டில் செஞ்சிக் கோட்டையிலிருந்து ஆண்டவர் மராத்திய மன்னர் இராசாராம். முகலாயப் படை அக்கோட்டையை முற்றுகையிட முனைந்திருந்த காலம் அது. மன்னர்க்குப் பொருள் இன்றியமையாததாயிற்று. கெடில ஆற்றின் கழிமுகத்தை அடுத்துத் தேவனாம்பட்டினத்தில் இருந்த சிறு கோட்டையை ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார் அவரிடம் விலைக்குப் பெற்றனர். அந்நாளில் சென்னையின் ஆளுநராக இருந்தவர் எலிகு யேல். அக்கோட்டையே பின்னர்ப் புனித டேவிட் கோட்டை எனப் பெயர் பெற்றது.

இவ்விற்பனையில் விந்தையானது விலையன்று, எல்லையே. கோட்டையைச் சுற்றிப் பெரும் பீரங்கி ஒன்றின் குண்டு சென்று விழும் தொலைவுக்குட்பட்ட நிலம் முழுவதும் வாங்குவோர்க்கு உரியது என்பது உடன்பாடு. அவ்வாண்டு செப்டம்பர்த் திங்களில் கோட்டையினின்று பல திசைகளிலும் பீரங்கி சுடப்பட்டது. குண்டு விழுந்த எல்லைக்கு உட்பட்ட ஊர்களும், கடலூர் நகரமும் ஆங்கிலேயர் கைப்பட்டன. அவ்வூர்கள் 'குண்டு கிராமங்கள்' எனப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளிவந்த அரசாங்க விவரச்சுவடிகளும் அப்பெயர் வழக்கில் இருந்தமையைக் குறிக்கின்றன. கடலூரில் 'குண்டு சாலை' என்னும் தெருப்பெயர் இன்றும் உள்ளது.

விலை நிலையாக நிற்க, பெறும் நிலம் மட்டும் கருவியின் ஆற்றலால் மாறும் என்பது இவ்வுடன்பாட்டின் உட்கிடை. குண்டின் தொலைவு இரு மடங்காயின் வட்டத்தின் பரப்பு நான்கு மடங்காகும். கோட்டை கடற்கரையில் அமைந்தமையின் வட்டத்தின் ஒரு பாதி கடலில் வீழ்ந்தது. ஆயினும் எஞ்சிய பாதிக்கும் இக்கணக்கே பொருந்தும். ஆதலின் எப்பீரங்கியைத் தேர்வது, எவ்வளவு மருந்து இடுவது, எவ்வாறு சாய்த்து நிறுத்துவது என்பனவெல்லாம் நிலத்தின் அளவைக் கூட்டவும் குறைக்கவும் வல்லவாயின. சிறந்த பயன் கிட்டுமாறு மருந்திட்டுச் சுடுதல் பீரங்கி வீரனின் கலைத்திறனைப் பொறுத்தது என்பதைச் சென்னையில் இருந்தோர் தம் எழுத்திலேயே மறையாது குறித்தனர். பெற்ற பொருளுக்கு மேலாக ஓர் அணுவும் கொடாது பெருநிலம் கொள்ளும் வழி அக்கலையில் இருந்தது என்க.

படையின் ஆற்றலால் எல்லையை அளக்கும் கருத்து அக்காலத்து மேலைநாட்டார்க்குப் புதிதன்று. நெதர்லாந்துச் சட்ட அறிஞர் பிங்கர்சூக் 1702இல் வெளியிட்ட நூலில், கரையிலுள்ள படைக்கருவியின் ஆற்றல் முடியும் இடத்தில் கடல்மீதான உரிமையும் முடியும் என்றார். அவர் கடலுக்குக் கூறியதைத் தேவனாம்பட்டினத்தார் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே தரைக்குச் செய்து காட்டினர். இரண்டிற்கும் ஒரு வேறுபாடு உண்டு. கடலில் குடியிருப்பார் இல்லை, தரையில் இருந்தனர்.

2. ஒரு சொல்லின் பொருள்

உடன்பாட்டு எழுத்துக்களில் இத்தொலைவைச் சுட்டும் ஆங்கிலச் சொல் 'ரேண்டம்' என்பது. இக்கால வழக்கில் அச்சொல் 'குறியின்றி, தற்செயலாய்' என்று பொருள்படும். இப்பொருளையே கொண்டு, கண்மூடிச் சுட்ட குண்டினால் ஊர்கள் கைம்மாறின என்று உரைப்பாரும் உளர். அது பொருந்தாது. அந்நாளைப் பீரங்கிக் கலையில் அச்சொல், குழலை மேல்நோக்கிச் சாய்த்துச் சுடும்போது குண்டு சென்றெட்டும் தொலைவைக் குறித்தது. இலக்கை நேர்நோக்கிக் கிடைமட்டமாகச் சுடுதற்கு மறுதலையானது இது. குழலை 45 பாகை சாய்ப்பின் தொலைவு மிகும் என்று இத்தாலியரான தார்தாலியா 1537இலேயே எழுதியிருந்தார். சாய்வை அளக்கும் கால்வட்டக் கருவியும் பீரங்கியாளர் கையில் இருந்தது.

எனவே, 1690இல் நிகழ்ந்தது கணக்கறியாச் செயலன்று, கணக்கறிந்த செயலே. தொலைவு கணக்கிடப்பட்டது, இலக்கு என ஒன்று இல்லை. குண்டு எங்கே விழும், அங்கே யார் உளர் என்பதைச் சுடுவோன் காணவேண்டிய தேவையே எழவில்லை. குறியின்மை கவனக்குறைவால் நேர்ந்ததன்று. அவ்வளவை முறையின் இயல்பே அது.

'பீரங்கி' என்னும் சொல்லையும் ஈண்டு நோக்கலாம். ஐரோப்பியரைக் குறிக்கும் 'பரங்கி' என்பதும் இதுவும் ஒரே மூலத்தினின்று பிறந்தவை. கடலூர்க்கும் சிதம்பரத்திற்கும் இடையே அமைந்த பரங்கிப்பேட்டை அவ்வினத்தாரின் பெயரால் வழங்குவது. கருவியையும் அதனைக் கொணர்ந்தாரையும் ஒரே சொல்லால் அறிந்தனர் இப்பகுதி மக்கள்.

3. பிடி நடந்த எல்லை

இதற்கு முன் தமிழ்நாட்டில் ஊரெல்லை வகுத்த முறையாது? சோழர் செப்பேடுகள் இதற்கு விடை தருகின்றன. நாகப்பட்டினத்துப் புத்த விகாரைக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்த செய்தியைக் கூறும் பெரிய லெய்டன் செப்பேடுகளில், பெண்யானை ஒன்றை எல்லை வழியே நடத்தி வரம்பு வகுத்தமை சொல்லப்படுகின்றது. நாட்டார் உடன் சென்றனர். கல்லும் கள்ளியும் நடப்பட்டன. இன்ன வாய்க்காலுக்கு மேற்கு, இன்னார் நிலத்திற்கு வடக்கு எனப் பக்கத்து நிலங்களெல்லாம் ஒவ்வொன்றாகப் பெயர் பெற்றன.

யானை மெல்ல நடப்பது; நடக்கும் வழியில் உள்ளவற்றை உடன் செல்வார் காண்பர். தம் நிலத்தின்மேல் எல்லை செல்லக் கண்டவன் ஆண்டே நின்று வழக்குரைக்கலாம். அம்முறையும் அரசாணையின் பாற்பட்டதே. குடிகளின் விருப்பம் கேட்டு வகுத்தனர் என யாம் கூறத் துணியோம். ஆயினும் எல்லை வகுப்போன் அந்நிலத்தைக் கண்ணால் காணாது வகுக்க இயலாது என்னும் ஒரு காப்பு அதனுள் இருந்தது. குண்டெல்லையில் அக்காப்பு நீங்கிற்று. முன்னையது காலடியால் அளந்தது. பின்னையது வெடிமருந்தால் அளந்தது.

4. கடலூரில் மறைந்த கணித அறிஞர்

தொலைவினின்று குறியை நோக்கிப் படைக்கலை திரும்பிய வரலாற்றிலும் இதே கோட்டைக்கு ஓர் இடம் உண்டு. ஆங்கிலக் கணித அறிஞர் பெஞ்சமின் ராபின்சு 1742இல் பீரங்கிக் கலையின் புதிய கோட்பாடுகளை விளக்கி ஒரு நூல் வெளியிட்டார். தொங்கும் கட்டையொன்றின்மேல் குண்டைச் செலுத்தி, அக்கட்டை பின்னடையும் அளவினின்று குண்டின் விரைவைக் கணிக்கும் முறையை அதில் விளக்கினார். காற்றின் தடை முன்னோர் கருதியதினும் மிகப் பெரிது என்று நிறுவினார். பேரறிஞர் ஆய்லர் அந்நூலை 1745இல் விரிவுரையுடன் செருமானியத்தில் பெயர்த்தார்.

வழுவழுப்பான குழலினின்று வெளிப்படும் உருண்டை, குழலின் பக்கங்களில் உராய்ந்து தாறுமாறாகச் சுழல்வதனாலேயே நெறி பிறழ்கின்றது என்பது ராபின்சின் முடிபு. அதனை நீக்கும் வழி, குழலின் உட்புறத்தே திருகுவரிகள் வெட்டி, குண்டு செல்நெறியையே அச்சாகக் கொண்டு சுழலுமாறு செய்தல். இதுவே ரைபிள் என்னும் திருகுவரித் துப்பாக்கி. அவர் இதனைப் புதிதாகக் கண்டவரல்லர். செருமனி, சுவிட்சர்லாந்து முதலிய நாடுகளின் வேட்டைக்காரர் இதனைக் கையாண்டு வந்தனர். போருக்குரிய கருவியாளர் தொலைவையும் விரைந்து சுடுதலையும் நாட, மானையும் பன்றியையும் நாடிய வேட்டைக்காரரே குறியை நாடினர் என்பது கருதத்தக்கது. குண்டைக் குழலில் இறுக்கிச் செலுத்தக் காலம் மிகுதியாகும். கருவியின் விலையும் மிகுதி. அதனால் படைத்தலைவர் தயங்கினர். இக்கருவியின் தன்மையை முற்றும் உணர்ந்து தம் படையில் புகுத்தும் நாடு மேம்பாடு எய்தும் என்று 1747இல் ராபின்சு எழுதினார்.

அவரே கம்பெனியின் தலைமைப் பொறியாளராக 1750இல் புனித டேவிட் கோட்டைக்கு வந்தார். 1746இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றியதனால் அக்கோட்டையே அப்போது சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயர்க்குத் தலைமையிடமாய் இருந்தது. காய்ச்சலுற்று 1751 சூலை 29ஆம் நாள் அவ்விடத்தே உயிர் நீத்தார். குறியின்றித் தொலைவால் நிலம் கொண்ட இடத்திலேயே, குறியின் இயல்பை அறிவியலால் விளக்கிய அறிஞர் மறைந்தார். ஏழாண்டுகட்குப் பின், 1758இல், பிரெஞ்சுத் தளபதி லாலி அக்கோட்டையைப் பற்றி இடித்தார். தொலைவால் வென்ற கோட்டையைத் தொலைவே காவாதாயிற்று.

5. தில்லையில் அரங்கேறிய வேட்டை

குறி என்பது கருவியின் திறம் மட்டுமன்று, காண்பவனின் அறமும் ஆம் என்பதைத் தமிழிலக்கியம் நன்கு உணர்த்துகின்றது. வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் ஊடுருவியதாகப் புறநானூற்றின் 152ஆம் பாட்டு புகழும். அங்கே வியக்கப்படுவது ஆற்றல். சேக்கிழார் வேறொன்றைக் காட்டுகின்றார்.

பெரியபுராணம் தில்லை ஆயிரக்கால் மண்டபத்தில் அரங்கேறியது என்பது மரபு. அதன்கண் கண்ணப்பர் புராணத்தில் திண்ணனாரின் கன்னிவேட்டை விரிவாகப் பாடப்பட்டுள்ளது. வேடர் வலைகட்டி, நாய்விட்டு, விலங்குகளைக் கொன்று குவிக்கின்றனர். அவ்வாரவாரத்தின் நடுவே சேக்கிழார் ஒரு வரையறையை வைக்கின்றார். யானைக் கன்றுகளை அவர்கள் தொடரவில்லை. சிறு குருளைகளைக் கொல்லவில்லை. கருவுற்று அடிதளர்ந்த பெண்மான்களை வருத்தவில்லை. கொலைத் தொழிலை நாணாது செய்யும் வேடர்க்கும் இவ்வரம்பு உண்டு.

இவ்வரம்பைக் காக்க வேண்டுவது யாது? காண்டல் ஒன்றே. ஓடும் மானினத்துள் கலை எது, பிணை எது, பிணையுள்ளும் சூல் தாங்கியது எது எனக் கண்டு பிரித்தறியாதவன் அதனைப் பேண இயலாது. அறம் இங்கே கண்ணின் கூர்மையைச் சார்ந்து நிற்கின்றது. எட்டுவதெல்லாம் எய்யத்தக்கது அன்று. கண்டறிந்ததுள்ளும் தக்கதே எய்யத்தக்கது.

6. குறிகாட்டியின் பயன்

முதற்கண் கூறிய தொலைநோக்கிக் குறிகாட்டிக்கு இனி வருவாம். அமெரிக்க நாட்டில் 1840ஆம் ஆண்டுகளையொட்டி நீண்ட தொலைநோக்கிக் குழல்களை ரைபிளின்மேல் பொருத்தும் வழக்கம் பரவிற்று. இக்கருவி குண்டின் தொலைவை ஒரு முழமேனும் கூட்டுவதில்லை. இலக்கையும் குறிக்கோட்டையும் ஒருசேரத் தெளிவாகக் காட்டுதலும், அந்திப்போதின் மங்கிய ஒளியைக் கண்ணுக்குத் தருதலுமே அதன் தொழில்.

சிறுபொருளுடையோன் உருப்பெருக்கத்தை விரும்பி ஏமாறுதல் இயல்பு. பெருக்கம் மிகுந்தால் காணும் பரப்புக் குறுகும், கைந்நடுக்கமும் பெரிதாய்த் தோன்றும், ஒளியும் குறையும். முன்வில்லையின் அகலத்தைப் பெருக்க அளவால் வகுத்தால் கண்ணை அடையும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 32 மில்லிமீட்டர் வில்லை 4 மடங்கு பெருக்கத்தில் 8 மில்லிமீட்டர்க் கற்றையைத் தரும். 10 மடங்கில் 3 மில்லிமீட்டரே மிகும். இருளில் மனிதக் கண்ணின் மணி ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் வரை விரியும். ஆதலின் தெளிந்த கண்ணாடியும், அசையாப் பிணைப்பும், அளவான பெருக்கமும் உடையதே குறைந்த விலையில் நிறைந்த பயன் தருவது. கருவியின் தேர்வும் சேக்கிழார் கூறிய வரம்பையே வலியுறுத்துகின்றது: எட்டுவதினும் காண்பதே முதன்மை.

முடிபு

இதுகாறும் கூறியவற்றால், 1690ஆம் ஆண்டின் குண்டெல்லை வெறும் விந்தைச் செய்தியன்று என்பது பெறப்படும். காணாத ஒன்றைத் தன்னுடையதாக்குதற்கு வழிசெய்த அளவைமுறை அது. அதனைப் பீரங்கி வீரனின் சாமர்த்தியமாக எடுத்துரைத்து நகைத்துச் செல்வார் பலர். அந்நகைப்பில், அன்று வயலில் நின்று வெடியோசை கேட்டவர் மறக்கப்படுகின்றனர். மாலைக்குள் தம் வரி எவர்க்குரியது என்பது மாறியதை அவர்களுள் எத்தனை பேர் அறிந்திருப்பர்? விற்றாரும் வாங்கினாரும் எழுதிய ஆவணங்களில் அவர் பெயர் இல்லை.

முதுகலை மாணவர்களுடன் யாம் கெடிலக் கழிமுகத்தில் எஞ்சிய கோட்டைச் சுவர்களைக் காணச் சென்றபோது, 'குண்டு எதுவரை விழுந்தது?' என்பதே அவர்கள் முதலில் வினவியது. 'யார்மேல் விழுந்தது?' என்று வினவினார் இலர். குண்டு கிராமங்களின் ஊர்ப்பெயர்களையும், நிலவரிக் கணக்குகளையும், முதியோர் வாய்மொழியையும் தொகுத்து, அவ்வட்டத்திற்குள் வாழ்ந்தோரின் வரலாற்றை எழுதுதல் தமிழ் ஆய்வாளர் கடன். தொலைவை அளந்தோர் முந்நூறாண்டுக்கு முன்னரே தம் பணியை முடித்தனர். குறியைக் காணும் பணி நம்முடையதாய் எஞ்சி நிற்கின்றது.