அச்சாரம் (விற்பனை ஒப்பந்தம்)

அச்சாரம் என்பது, ஒரு பொருளை வாங்க உடன்படுபவர் தம் சொல்லுக்கு உறுதியாக விற்பவரிடம் முன்கூட்டியே கொடுக்கும் தொகை ஆகும். விற்பனை நிறைவேறினால் இத்தொகை விலையில் கழித்துக்கொள்ளப்படும். வாங்குபவரின் தவறால் விற்பனை முறிந்தால், விற்பவர் இதனைத் தம்மிடமே வைத்துக்கொள்ளலாம். இது அச்சாரப் பறிமுதல் எனப்படும். வீடு, நிலம் ஆகியவற்றின் விற்பனையில் மட்டுமன்றி, தனியாட்களுக்கிடையே நடைபெறும் பழைய மகிழுந்து விற்பனையிலும் அச்சாரம் கொடுக்கும் வழக்கம் உண்டு. பேச்சு வழக்கில் இது அட்வான்ஸ், டோக்கன் அட்வான்ஸ் என்றும் அழைக்கப்படுகிறது.

முன்னதாகக் கொடுத்த தொகை முழுவதும் விற்பவருக்கே உரியது என்பதும், அது எந்நிலையிலும் திருப்பித் தரப்படவேண்டும் என்பதும் பரவலாக நிலவும் தவறான கருத்துகளாகும். இக்கட்டுரை இந்தியச் சட்டத்தில் அச்சாரத்தின் நிலையை விளக்குகிறது.

வரலாறு

அச்சாரம் மிகப் பழமையான வணிக வழக்கங்களுள் ஒன்று. உரோமச் சட்டத்தில் இது 'அர்ரா' எனப்பட்டது. இச்சொல் செமித்திய மொழியிலிருந்து கிரேக்கம் வழியாக இலத்தீனுக்கு வந்ததாகும். கி.பி. 6ஆம் நூற்றாண்டில் பேரரசர் ஜஸ்டினியன் வெளியிட்ட சட்டநூலின்படி, வாங்குபவர் பின்வாங்கினால் அச்சாரத்தை இழப்பார். விற்பவர் பின்வாங்கினால் அதனை இருமடங்காகத் திருப்பித் தரவேண்டும்.

இங்கிலாந்தில் 1884இல் தீர்க்கப்பட்ட ஹோவ் எதிர் சுமித் வழக்கு, ஒப்பந்தத்தில் வெளிப்படையாகக் கூறப்படாவிடினும் தவறிய வாங்குநர் அச்சாரத்தை இழப்பார் என நிலைநாட்டியது. இந்தியாவில் ஒப்பந்த மீறலுக்கான இழப்பீட்டை இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872 வரையறுக்கிறது. அச்சட்டத்தின் ஒரு பகுதியாக இருந்த சரக்கு விற்பனை விதிகள் பின்னர் பிரிக்கப்பட்டு, சரக்கு விற்பனைச் சட்டம், 1930 என்னும் தனிச்சட்டமாயின. மகிழுந்து அசையும் பொருள் ஆகையால், அதன் விற்பனைக்கு இவ்விரு சட்டங்களும் பொருந்தும்.

முன்னதாகக் கொடுக்கப்படும் தொகையின் வகைகள்

* அச்சாரம்: ஒப்பந்தம் முடியும்போது, அது நிறைவேற்றப்படும் என்பதற்கு உறுதியாகக் கொடுக்கப்படுவது.
* முன்பணம்: விலையின் ஒரு பகுதியை முன்கூட்டிச் செலுத்துவது. விற்பனை முறிந்தால் இது திருப்பித் தரப்படவேண்டும். எனினும் விற்பவருக்கு ஏற்பட்ட இழப்பை இதிலிருந்து ஈடுசெய்துகொள்ளலாம்.
* காப்புத்தொகை: பணியைச் சரிவரச் செய்வதற்குப் பிணையாக வைக்கப்படுவது.

ஒரு தொகை எவ்வகையைச் சேர்ந்தது என்பதைச் சீட்டில் எழுதப்பட்ட பெயர் மட்டும் முடிவு செய்வதில்லை. இரு தரப்பினரும் எந்த நோக்கத்துடன் அதனைக் கொடுத்து வாங்கினர் என்பதே கருதப்படும்.

முக்கியத் தீர்ப்புகள்

பதே சந்த் எதிர் பால்கிஷன் தாஸ் (1963): டெல்லியில் 1,12,500 ரூபாய்க்கு விலை பேசப்பட்ட வீட்டுக்கு 1,000 ரூபாய் அச்சாரமாகவும், 24,000 ரூபாய் விலையின் பகுதியாகவும் கொடுக்கப்பட்டது. விற்பவர் 25,000 ரூபாயையும் பறிமுதல் செய்ய முயன்றார். 1,000 ரூபாயை மட்டுமே அவ்வாறு வைத்துக்கொள்ளலாம் என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மௌலா பக்ஸ் எதிர் இந்திய ஒன்றியம் (1969): படைத்துறைக்கு உருளைக்கிழங்கு, முட்டை, மீன் முதலியன வழங்கும் ஒப்பந்ததாரர் 18,500 ரூபாய் கட்டியிருந்தார். இது அச்சாரம் அன்று, காப்புத்தொகையே என்றும், அரசு தன் இழப்பை மெய்ப்பிக்கவில்லை என்றும் கூறித் தொகையைத் திருப்பித் தர நீதிமன்றம் ஆணையிட்டது. நியாயமான அளவிலான அச்சாரத்தைப் பறிமுதல் செய்வது ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவுக்குள் வராது என்றும் கூறியது.

ஸ்ரீ அனுமான் காட்டன் மில்ஸ் எதிர் டாடா ஏர்கிராஃப்ட் (1969): வானூர்திக் கழிவுப் பொருட்களை 10 இலட்சம் ரூபாய்க்கு வாங்க உடன்பட்டு, அதில் 25 விழுக்காட்டைக் கட்டிய நிறுவனம் மீதியைச் செலுத்தத் தவறியது. கட்டிய தொகையை விற்பவர் பறிமுதல் செய்தது ஏற்றுக்கொள்ளப்பட்டது.

கைலாஷ் நாத் அசோசியேட்ஸ் எதிர் டெல்லி வளர்ச்சி ஆணையம் (2015): வாங்கியவர் ஒப்பந்தத்தை மீறவில்லை, ஆணையமோ அதே மனையைப் பன்மடங்கு விலைக்கு மீண்டும் விற்றிருந்தது. 78 இலட்சம் ரூபாய் அச்சாரத்தைத் திருப்பித் தர உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. ஒப்பந்தத்தின் கீழ் நிகழும் அச்சாரப் பறிமுதலுக்கும் 74ஆம் பிரிவு பொருந்தும் என்றது. இது 1969இன் நிலைப்பாட்டிலிருந்து வேறுபடுவது குறிப்பிடத்தக்கது.

மகிழுந்து விற்பனையில்

எடுத்துக்காட்டாக, ஒரு மகிழுந்துக்கு 3,00,000 ரூபாய் விலை பேசி, 10,000 ரூபாய் அச்சாரம் கொடுத்தவர் காரணமின்றி விலகுவதாகக் கொள்வோம். வண்டி பின்னர் 2,85,000 ரூபாய்க்கே விலைபோனால், விற்பவர் அச்சாரத்தை வைத்துக்கொள்ள வலுவான நியாயம் உண்டு. வண்டி 3,10,000 ரூபாய்க்கு விற்றிருந்தால், விற்பவருக்கு இழப்பே இல்லை என 2015ஆம் ஆண்டுத் தீர்ப்பைச் சுட்டி வாங்குநர் வாதிடலாம். கொடுத்தது 1,00,000 ரூபாய் பகுதி விலை எனில், 15,000 ரூபாய் இழப்பையும் மறுவிற்பனைக்கான நியாயமான செலவையும் கழித்து மீதியைத் திருப்பித் தரவேண்டியிருக்கும்.

பணம் கட்டவேண்டிய நாளை வாங்குநர் ஓரிரு நாள் தவறவிட்டதாலேயே விற்பனை முறிந்துவிடாது. சரக்கு விற்பனைச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி, வேறு கருத்து ஒப்பந்தத்தில் தென்பட்டாலன்றி, பணம் செலுத்தும் காலம் ஒப்பந்தத்தின் அடிப்படைக் கூறாகக் கருதப்படமாட்டாது. எனவே விற்பவர் கெடு குறித்து எழுத்து மூலம் அறிவித்த பின்னரே வண்டியை வேறொருவருக்கு விற்பது பாதுகாப்பானது.

திருப்பித் தரவேண்டிய சூழல்கள்

* விற்பவர் வண்டியை வேறொருவருக்கு விற்றுவிடுதல்.
* வங்கிக் கடன் நிலுவையில் உள்ள வண்டிக்கு, ஒப்புக்கொண்டபடி தடையின்மைச் சான்று பெற்றுத் தர இயலாமை.
* ஓடிய தொலைவைக் குறைத்துக் காட்டுதல், விபத்தை மறைத்துப் பொய் கூறுதல் போன்ற ஏமாற்று. ஒப்பந்தச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி ஏமாற்றப்பட்டவர் ஒப்பந்தத்தை விலக்கிக்கொள்ளலாம்.
* வாங்குநருக்குக் கடன் கிடைத்தால் மட்டுமே விற்பனை என உடன்பட்டிருந்து, கடன் மறுக்கப்படுதல்.
* இருவர் மீதும் தவறின்றி, வாங்குநரின் பொறுப்புக்கு வருமுன் வண்டி அழிந்துபோதல். சரக்கு விற்பனைச் சட்டத்தின் 8ஆம் பிரிவின்படி இவ்வுடன்பாடு செல்லாததாகிவிடும்.

பற்றுச்சீட்டு

வாய்மொழி ஒப்பந்தமும் செல்லும் எனினும், தகராறு எழும்போது மெய்ப்பிப்பது கடினம். பற்றுச்சீட்டில் வண்டியின் பதிவெண், மொத்த விலை, கொடுத்த தொகை, அது அச்சாரமா முன்பணமா என்பது, மீதியைச் செலுத்தவேண்டிய நாள், எச்சூழலில் தொகை திருப்பித் தரப்படும் என்பது ஆகியன இடம்பெறுதல் நலம். 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்கான பற்றுச்சீட்டில் 1 ரூபாய் வருவாய் முத்திரைவில்லை ஒட்டப்படவேண்டும்.

தகராறும் தீர்வும்

தம் சொந்த வண்டியை விற்கும் தனியாள் வணிகர் அல்லர் என்பதால், இத்தகைய வழக்குகள் பொதுவாக நுகர்வோர் ஆணையத்துக்கு அன்றி உரிமையியல் நீதிமன்றத்துக்கே செல்லும். பணத்தைத் திரும்பக் கோரும் வழக்கை, கால வரம்புச் சட்டம், 1963இன்படி மூன்று ஆண்டுகளுக்குள் தொடுக்கவேண்டும். சிறு தொகைகளுக்கு வழக்குச் செலவே மிகுதியாகிவிடக்கூடும் என்பதால், மக்கள் நீதிமன்றம் வழியாகச் சமரசம் காண்பதும் உண்டு.

இவற்றையும் பார்க்கவும்

* ஒப்பந்தம்
* இழப்பீடு
* மக்கள் நீதிமன்றம்