ஊர் கூடி இழுத்த தேர்

(இயந்திரவியல் பிரிவு, 2010ஆம் ஆண்டு மாணவர்)

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கச் செயலாளர் போன் செய்தபோது, "நீங்க என்ஜினியர் ஆச்சே, ஏதாவது மெஷினைப் பற்றி எழுதுங்களேன்" என்றார். மெஷினைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். எலும்பும் தசைநாரும் சேர்ந்த மெஷின்: மனிதனுடைய கை, கால், முதுகு. அடிபட்டு முடங்கியவரை மறுபடி எழுந்து உழைக்க வைப்பது எப்படி என்று சென்ற நூற்றாண்டில் சிலர் கற்றுக்கொண்ட கதை இது. அதில் முக்கியமான ஓர் அத்தியாயம் நம்ம வேலூரில் நடந்தது. நம் மாணவர்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

ஆபரேஷன் நன்றாக முடிந்தால் ஆள் குணமாகிவிட்டார் என்றுதான் நாம் சாதாரணமாக நினைக்கிறோம். காயம் ஆறுவது ஒரு விஷயம், ஆள் பழையபடி வேலைக்குத் திரும்புவது வேறு விஷயம். இரண்டாவது காரியம் ஒரு டாக்டரால் மட்டும் ஆகிற காரியமில்லை. ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும்.

போர் கற்றுக்கொடுத்த பாடம்

முதல் உலகப் போரில் தண்டுவடம் அடிபட்ட சிப்பாய்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும் அவர்களைக் கொண்டுபோயின. 1939இல் நாஜி ஜெர்மனியிலிருந்து இங்கிலாந்துக்குத் தப்பி வந்த நரம்பியல் டாக்டர் லுட்விக் குட்மான், 1944 பிப்ரவரியில் ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில் இப்படிப்பட்டவர்களுக்கென்றே ஒரு பிரிவைத் தொடங்கினார். அவர் செய்த முதல் காரியம் மிக எளியது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம், இரவும் பகலும், நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பது. இது கேட்க எளிது; ஒருவர் தவறினாலும் புண் வந்துவிடும். நர்சு, வார்டு ஆள், பிசியோதெரபிஸ்ட் எல்லோரும் ஒரே கணக்கில் ஓட வேண்டும்.

உயிர் நின்ற பிறகு அவர்களைச் சும்மா படுக்க விடவில்லை. பட்டறை வேலை கொடுத்தார், விளையாட வைத்தார். 1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், சக்கர நாற்காலியில் அமர்ந்த 16 பேரை வைத்து வில்வித்தைப் போட்டி நடத்தினார். அதுவே வளர்ந்து 1960இல் ரோம் நகரில் 23 நாடுகள் கலந்துகொண்ட போட்டியாகி, பாராலிம்பிக் ஆனது. 1965 போரில் குண்டடி பட்ட நம் இந்தியச் சிப்பாய் முரளிகாந்த் பேட்கர், 1972இல் ஹைடல்பர்க்கில் 50 மீட்டர் நீச்சலில் தங்கம் வாங்கியது இந்த வழியில் வந்த வெற்றிதான்.

கொல்லிமலைக்காரர்

இங்கிலாந்தில் இது நடந்துகொண்டிருந்த அதே காலத்தில், வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு 1946இல் ஓர் இளம் சர்ஜன் வந்து சேர்ந்தார். பெயர் பால் பிராண்ட். வெள்ளைக்காரர் என்றாலும் 1914இல் நம்ம கொல்லிமலையில் பிறந்தவர். பெற்றோர் அங்கே மிஷனரிகள். மருத்துவம் படிக்கும் முன்பு தச்சு வேலையும் கட்டட வேலையும் முறையாகக் கற்றவர். இந்தத் தச்சர் மூளையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

செங்கல்பட்டு தொழுநோய் ஆஸ்பத்திரிக்கு ஒருமுறை போனார். அங்கே விரல்கள் மடங்கிப்போன ஒருவரிடம் தன் கையைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். அந்தப் பிடியில் இவருக்குக் கை வலித்துவிட்டது! செத்துப்போன கை என்று எல்லோரும் நினைத்த கையில் இவ்வளவு பலமா? முன்னங்கைத் தசைகள் நன்றாகவே இருந்தன. நரம்பு கெட்டதால் உள்ளங்கையின் சிறு தசைகள் மட்டும் நின்றுபோயிருந்தன. அப்படியானால் நல்ல தசை ஒன்றின் நாரை எடுத்து வேறிடத்தில் பொருத்தினால் விரல் நிமிரும் அல்லவா? 1940களின் முடிவில் அந்த ஆபரேஷன்கள் தொடங்கின.

இங்கேதான் சர்ஜனின் எல்லை தெரிந்தது. இடம் மாற்றிய தசைக்குப் புது வேலை தெரியாது. கேபிளை வேறு லீவரில் மாட்டியது போலத்தான். ஓட்டுபவர் மறுபடி பழக வேண்டும். அந்தப் பயிற்சியைத் தர ரூத் தாமஸ் என்ற பிசியோதெரபிஸ்ட் வந்து சேர்ந்தார். தெரபிஸ்ட் இல்லையென்றால் ஆபரேஷன் பாதிதான் என்பது வேலூரில் நடைமுறையானது.

விரல் நிமிர்ந்தவர் ஊருக்குப் போனார்; கொஞ்ச நாளில் திரும்பி வந்தார். முன்பு மடங்கிய கையைப் பார்த்துப் பிச்சை போட்டார்கள், இப்போது அதுவும் இல்லை; நோயின் வடுவைப் பார்த்து வேலையும் யாரும் தரவில்லை. நல்ல கை வந்ததால் சாப்பாடு போயிற்று. கதை மாதிரி இருக்கிறது, ஆனால் உண்மை. எனவே கல்லூரி வளாகத்திலேயே 'நவ ஜீவ நிலையம்' என்று ஒரு சிறு குடியிருப்பும் பட்டறையும் அமைத்தார்கள். நான் சொன்ன தச்சர் மூளை இங்கே உதவியது. பிராண்டே உளி பிடித்துத் தச்சு வேலை சொல்லிக்கொடுத்தார்.

எலியும் செருப்பும்

பட்டறையில் இன்னொரு புதிர் விடுபட்டது. தொழுநோயாளியின் விரல் தானாக அழுகி விழுகிறது என்பதே அன்றைய நம்பிக்கை. பட்டறைப் பையன்களும் டாக்டர்களும் சேர்ந்து தினம் கையைப் பரிசோதித்தார்கள். சுத்தியல் பிடியின் உராய்வு, சூடான பாத்திரம் என்று ஒவ்வொரு காயத்துக்கும் ஒரு காரணம் கிடைத்தது. வலி தெரியாததுதான் வினை. காரணமே தெரியாமல் இரவில் காணாமல்போன சதைக்குக் காரணம் எலி! தூங்குகிறவரின் உணர்ச்சியற்ற விரலை எலி கடித்திருக்கிறது. மருந்து என்ன தெரியுமா? பூனை. வீட்டுக்குப் போகிறவர்களிடம் பூனை வளர்க்கச் சொன்னார்கள். நோயாளியே குழுவில் ஓர் ஆளாக இருந்ததால்தான் இதெல்லாம் தெரியவந்தது.

காலுக்கு வருவோம். பாதத்துப் புண் ஏன் ஆறவில்லை? இது நமக்கு முதல் வருஷப் பாடம். 60 கிலோ பாரம் 10 சதுர சென்டிமீட்டரில் இறங்கினால் சதுர சென்டிமீட்டருக்கு 6 கிலோ. 60இல் பரவினால் 1 கிலோ. நமக்கு வலித்தால் நடையை மாற்றிக்கொள்கிறோம். வலி தெரியாதவர் அதே இடத்தில் மறுபடி மறுபடி ஊன்றுகிறார். ஆகவே பாரத்தைப் பரப்பும் ரப்பர் தேவைப்பட்டது. ரப்பர் தொழில் தெரிந்தவர்களும் செருப்புத் தைப்பவர்களும் குழுவுக்குள் வந்தார்கள். வேலூர் பக்கத்துக் கரிகிரி ஆஸ்பத்திரியில் அந்தச் செருப்பைச் செய்தார்கள். இன்று சர்க்கரை நோயாளிகள் கேட்டு வாங்கும் எம்.சி.ஆர். செருப்பு அந்தக் குடும்பம்தான். 1966இல் அமெரிக்காவுக்குப் போன பிராண்ட், பாதத்தில் எங்கே அழுத்தம் அதிகமோ அங்கே சாயம் கசியும் காலுறையைக்கூடப் பயன்படுத்திப் பார்த்தார். 1985இல் கையின் இயக்கவியல் பற்றி அவர் எழுதிய புத்தகத்தைப் புரட்டினால் விசை, நெம்புகோல், உராய்வு என்று நம்ம சிலபஸ் மாதிரியே இருக்கும்.

நாற்காலியிலிருந்து ஒரு டாக்டர்

சி.எம்.சி.யில் படித்த டாக்டர் மேரி வர்கீஸ், 1954இல் ஒரு சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இழந்தார். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. கை ஆபரேஷனை உட்கார்ந்தபடியே செய்யலாமே என்று யோசனை சொன்னவர் பிராண்ட். சக்கர நாற்காலியில் அமர்ந்து தொழுநோயாளிகளின் கைகளைச் சீர்செய்தார் அந்த அம்மையார். பிறகு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் தானே மறுவாழ்வுப் பயிற்சி பெற்று, நியூயார்க்கில் டாக்டர் ஹோவர்ட் ரஸ்க்கின் நிலையத்தில் அந்தத் துறையையே படித்துத் திரும்பினார். 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. இன்று அது அவர் பெயரால் விளங்குகிறது. 1972இல் பத்மஸ்ரீ பெற்றார், 1986இல் மறைந்தார்.

மரத்திலிருந்து விழுந்தவர், கிணற்றில் விழுந்தவர், வண்டியில் அடிபட்டவர் என்று நம்ம ஊர் விபத்துகளுக்கு ஏற்ற இடம் அது. டாக்டர், நர்சு, பிசியோதெரபிஸ்ட், செயற்கைக் கால் செய்பவர், சமூக சேவகர், தொழில் கற்றுத் தருபவர் எல்லோரும் உட்கார்ந்து, 'இவர் வீட்டுக்குப் போய் என்ன செய்வார்?' என்ற கேள்வியிலிருந்து தொடங்குவதுதான் இந்தத் துறையின் முறை.

நமக்கு என்ன வேலை?

நான் முன்பு வேலை பார்த்த தொழிற்சாலையில் கேட்டில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். பிரஸ்ஸில் கை அடிபட்ட கைதேர்ந்த பிட்டர். ஆபரேஷன் நன்றாகவே நடந்திருந்தது, நஷ்ட ஈடும் வந்தது, பைலை மூடிவிட்டார்கள். கைப்பிடியைத் தடிமனாக்கி, ஜிக்கை இடது கைக்கு மாற்றிக் கொடுத்திருந்தால் அவர் தொழில் அவரிடம் இருந்திருக்கும். அதைச் சொல்ல வேண்டிய டாக்டரும் தெரபிஸ்ட்டும் சூப்பர்வைசரும் ஒரு நாள்கூட ஒரு மேஜையில் உட்காரவில்லை.

தம்பி, தங்கைகளே! கடைசி வருஷ புராஜெக்டுக்குத் தலைப்பு தேடி அலையாதீர்கள். பக்கத்து அரசு ஆஸ்பத்திரியின் பிசியோதெரபி பிரிவுக்குப் போய் அரை நாள் உட்காருங்கள். எந்த ஊன்றுகோல் வழுக்குகிறது, எந்த நாற்காலி வாசற்படி ஏறவில்லை என்று அங்கே வருகிறவர்களையே கேளுங்கள். தலைப்பு தானாக வரும். பட்டறை வைத்திருக்கும் நம் பழைய மாணவர்கள் அதைச் செய்து கொடுக்கட்டும். வடத்தில் நமக்கும் ஒரு பிடி இடம் இருக்கிறது.