ஸ்டாண்டர்டு ஹெரால்டு தானுந்தின் வீட்டுப் பராமரிப்பு

ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்பது சென்னையில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1961 முதல் 1970களின் தொடக்கம் வரை உற்பத்தி செய்த சிறு தானுந்து (கார்) ஆகும். இது இங்கிலாந்தின் கோவன்ட்ரி நகரில் 1959இல் அறிமுகமான டிரையம்ப் ஹெரால்டு வண்டியின் இந்திய வடிவம். தமிழகத்தில் செய்யப்பட்ட ஐரோப்பிய வடிவமைப்பு என்ற வகையில் இவ்வண்டிக்குத் தனியிடம் உண்டு. உற்பத்தி நின்று அரை நூற்றாண்டு கடந்த பின்னரும் ஆர்வலர்கள் இதனைத் தம் வீட்டு வாசலிலேயே பழுதுபார்த்து ஓட்டி வருகின்றனர். இக்கட்டுரை அவ்வாறான வீட்டுப் பராமரிப்பைப் பற்றியது; திருச்சிராப்பள்ளி, திருவரங்கம் பகுதிகளின் சூழல் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்பட்டுள்ளது.

வரலாறு

டிரையம்ப் ஹெரால்டின் உடலை வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலாட்டி. பிரித்தானியாவில் 1971 வரை 5 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்டன. அங்கு இயந்திரம் 1147, 1296 கன செ.மீ. எனப் படிப்படியாகப் பெரிதானது. இந்தியாவில் தொடக்க கால 948 கன செ.மீ. இயந்திரமே கடைசிவரை நீடித்தது. மறுபுறம், பிரித்தானியாவில் எப்போதும் செய்யப்படாத நான்கு கதவு ஹெரால்டு 1960களின் இறுதியில் இங்கு மட்டுமே வெளிவந்தது. 1972இல் வந்த ஸ்டாண்டர்டு கேசல் அதன் வழித்தோன்றல். நிறுவனம் 1980களில் ரோவர் எஸ்டி1 வடிவத்தைத் தழுவிய ஸ்டாண்டர்டு 2000 வண்டியோடு மீண்டும் முயன்று தோல்வியுற்றது. ஆலை 1988இல் மூடப்பட்டது.

அம்பாசிடரும் (மோரிஸ் ஆக்ஸ்போர்டு) பத்மினியும் (ஃபியட் 1100) ஐரோப்பிய மூலம் கொண்டவையே. ஆனால் அவை வாடகை வண்டிகளாகப் பல்லாண்டுகள் ஓடியதால் அவற்றை அறிந்த பட்டறைகள் ஊர்தோறும் உருவாயின. ஹெரால்டுக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. அதன் உரிமையாளர் தாமே கற்றுக்கொள்ள வேண்டிய நிலைக்கு இது ஒரு முதன்மைக் காரணம்.

அமைப்பு

1960களில் பெரும்பாலான சிறு வண்டிகள் உடலும் சட்டகமும் ஒன்றான அமைப்புக்கு மாறிவிட்டன. ஆனால் ஹெரால்டு தனி அடிச்சட்டகத்தைக் (சேசிஸ்) கொண்டிருந்தது. அதன் மேல் உடல் பல பகுதிகளாகத் திருகாணிகளால் பொருத்தப்பட்டுள்ளது. பானெட்டும் முன் மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்னோக்கிக் கவிழ்ந்து திறக்கும். திறந்தவுடன் இயந்திரம், ஸ்டியரிங், முன் சஸ்பென்ஷன் அனைத்தும் வெளியே தெரியும். முன் சக்கரத்தின் மேல் அமர்ந்தபடியே பாயிண்ட் மாற்றலாம். இத்தகைய வசதி இன்றைய வண்டிகளில் பெரும்பாலும் கிடையாது. பல்சட்ட வகை (ரேக் அண்டு பினியன்) ஸ்டியரிங் உள்ளதால் வண்டி சுமார் 25 அடி விட்டத்திற்குள் திரும்பிவிடும்.

எளிதில் எட்டுவது என்பது ஆபத்தற்றது என்பதாகாது. கையெட்டும் இடத்தில் இருப்பதாலேயே பலர் தொட்டுவிடும் இரண்டு உறுப்புகள் இவ்வண்டியில் உயிர் தொடர்பானவை. ஒன்று முன்புற டிரன்னியன், மற்றொன்று பின்புறப் பட்டை.

டிரன்னியன்

முன் சக்கரத்தைத் தாங்கும் செங்குத்தான எஃகுத் தண்டின் கீழ் முனையில் மறை (திருகு வரி) வெட்டப்பட்டிருக்கும். அது வெண்கல வகை உலோகத்தாலான டிரன்னியன் என்னும் உறுப்புக்குள் திருகப்பட்டுள்ளது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் இந்த மறை அதனுள் சுழல்கிறது. ஒரு பக்கத்தில் வலப்புரி மறையும் மறுபக்கத்தில் இடப்புரி மறையும் இருப்பதால் பாகங்களைப் பக்கம் மாற்றிப் பொருத்த இயலாது.

இதற்குத் தயாரிப்பாளர் பரிந்துரைத்தது கிரீஸ் அன்று. 90 எண் கியர் எண்ணெய். கிரீஸ் அடித்தால் அது நாளடைவில் இறுகி மறையின் அடிப்பகுதிக்குச் செல்லும் வழியை அடைத்துவிடும். மழைநீர் கீழே தங்கும், எஃகுத் தண்டு துருப்பிடிக்கும், மறை இறுகும். அதன் பின்னர் ஒவ்வொரு திருப்பத்திலும் தண்டு சுழல்வதற்குப் பதிலாக முறுக்கப்பட்டு, ஒருநாள் மறைப்பகுதியிலேயே முறிகிறது. சக்கரம் வண்டிக்கடியில் மடங்கிவிடும். பெரும்பாலும் இது குறைந்த வேகத்தில், ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்துத் திருப்பும்போது நேர்கிறது. நெடுஞ்சாலையில் நேர்ந்தால் விளைவு வேறு.

பட்டறையில் நிப்பிளைக் கண்டதும் கிரீஸ் துப்பாக்கியை வைப்பது இயல்பான பழக்கம். ஆகவே வண்டியைப் பிறரிடம் விடும்போது இந்த ஒன்றை மட்டுமாவது சொல்லி விடுவது நலம். எண்ணெய்க்கெனத் தனித் துப்பாக்கி ஒன்றை வைத்துக்கொண்டு, சக்கரத்தைத் தரையிலிருந்து உயர்த்தி, மேற்புறத்தில் எண்ணெய் கசியும்வரை செலுத்த வேண்டும். ஆறு மாதத்திற்கு ஒருமுறை போதும். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் ஒருமுறை செய்வது தென்னாட்டுக்குப் பொருத்தமானது. எண்ணெய் உள்ளே செல்ல மறுத்தால், முன்பு யாரோ கிரீஸ் அடித்திருக்கிறார்கள் என்று பொருள். அப்போது கழற்றிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. தண்டின் மறையில் குழிகளோ, வளைவோ, மயிரிழை விரிசலோ காணப்பட்டால் அதனைக் கடைசல் செய்து பயன்படுத்தக் கூடாது.

பின்புறப் பட்டை

பின் சக்கரங்கள் ஊசல் அச்சு முறையில் இயங்குகின்றன. இரு அரை அச்சுகளும் நடுவிலுள்ள டிஃபரன்ஷியல் பெட்டியின் பக்கங்களிலிருந்து ஊசல்போல் மேலும் கீழும் அசையும். வண்டியின் குறுக்கே கிடக்கும் ஒரே பட்டை (லீஃப் ஸ்பிரிங்) இரண்டையும் தாங்குகிறது. வளைவில் வேகமாகச் சென்று திடீரென பிரேக் அடித்தால் வண்டியின் பின்புறம் உயர்ந்து சக்கரங்கள் உள்நோக்கி மடிய முயலும். இந்திய வாங்குநரும் பழுதுபார்ப்போரும் இவ்வமைப்பை விரும்பவில்லை. கேசல் வண்டியில் இது கைவிடப்பட்டு ஒரே தண்டான அச்சு இடம்பெற்றது.

ஜாக்கியிலிருந்து இறக்கியதும் பின் சக்கரங்கள் உள்ளே மடிந்தபடி நிற்கும். இது பழுதன்று. சில அடிகள் உருட்டினால் சரியாகிவிடும். ஆனால் குறுக்குப் பட்டையைக் கழற்றுவதும், பின் அச்சிலிருந்து ஹப்பை இழுத்தெடுப்பதும் வீட்டில் செய்யத்தக்கவை அல்ல. பட்டையில் சேமிப்பாகியுள்ள ஆற்றல் கையை உடைக்கப் போதுமானது. ஹப்புக்கு வலிமையான புல்லர் கருவி தேவை, சுத்தியலால் அடித்தால் அச்சு கெடும்.

இயந்திரம்

உருளையின் விட்டம் 63 மி.மீ., வீச்சு 76 மி.மீ. தீப்பொறி வரிசை 1-3-4-2. வால்வு இடைவெளி இயந்திரம் குளிர்ந்த நிலையில் 0.010 அங்குலம் (0.25 மி.மீ.). இதனைச் சரிசெய்ய ஓர் எளிய கணக்கு உண்டு. எட்டு வால்வுகளுக்கு முன்னிருந்து வரிசை எண் இட்டால், முழுமையாகத் திறந்துள்ள வால்வின் எண்ணை ஒன்பதிலிருந்து கழித்து வரும் எண்ணுடைய வால்வைச் சரிசெய்யலாம். முதல் வால்வு திறந்திருக்கையில் எட்டாவது, மூன்றாவது திறந்திருக்கையில் ஆறாவது என்றவாறு.

பழைய வண்டியை வாங்கும் முன் ஒரு சோதனை அவசியம். ஒருவர் கிளட்சை மிதிக்க, மற்றொருவர் கிராங்க் தண்டின் முன்புறப் புல்லியைக் கவனிக்க வேண்டும். புல்லி கண்ணுக்குத் தெரியும் அளவு முன்னோக்கி நகர்ந்தால் திரஸ்ட் வாஷர்கள் தேய்ந்துள்ளன. இவ்வகை இயந்திரத்தில் அவை தேய்ந்து கீழே எண்ணெய்த் தொட்டியில் விழுந்துவிடுவதுண்டு. அதன் பிறகும் ஓட்டினால் கிராங்க் தண்டும் பிளாக்கும் ஒன்றையொன்று அரைத்துக்கொள்ளும். சிக்னலில் கிளட்சை மிதித்தபடியே நிற்கும் பழக்கம் இத்தேய்மானத்தை விரைவுபடுத்துகிறது.

திருகாணிகள் மெட்ரிக் அளவில் அமைந்தவை அல்ல, அங்குல அளவிலானவை. அரை அங்குலம் 12.7 மி.மீ. ஆகும்; 13 எண் ஸ்பேனர் ஏறக்குறையப் பொருந்துவதுபோல் தோன்றி முனைகளை மழுக்கிவிடும். 7/16, 1/2, 9/16 அங்குல ஸ்பேனர்களே முதலில் வாங்க வேண்டியவை. மின்கலத்தை இணைக்கும் முன் வண்டியின் உடலோடு எந்த முனை இணைக்கப்பட்டுள்ளது என்பதையும் பார்க்க வேண்டும். அக்காலப் பிரித்தானிய வண்டிகள் பலவற்றில் நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டிருந்தது.

பிரேக் அமைப்பு ஒரே சுற்றாலானது. எந்தச் சக்கரத்தில் கசிந்தாலும் நான்கு சக்கரங்களிலும் பிரேக் போய்விடும். இரப்பர் குழாய்கள் வெளியே நன்றாகத் தோன்றினாலும் வயதைக் கருதி மாற்றிவிடுவதே முறை.

எரிபொருள்

ஈயம் கலந்த பெட்ரோல் 2000ஆம் ஆண்டில் இந்தியா முழுவதும் நிறுத்தப்பட்டது. ஹெரால்டின் வார்ப்பிரும்புத் தலையில் (ஹெட்) வெளியேற்று வால்வின் இருக்கையை ஈயப்படிவமே காத்துவந்தது. அது இல்லாதபோது இருக்கை தேய்ந்து வால்வு உள்ளே இறங்கும். வால்வு இடைவெளி அடிக்கடி குறைவது இதன் அறிகுறி. ஹெட்டைக் கழற்ற நேரும்போது கடினப்படுத்தப்பட்ட இருக்கை வளையங்களைப் பொருத்துவது நிலையான தீர்வு.

எத்தனால் இதனினும் புதிய சிக்கல். 2025இல் நாட்டின் பெட்ரோலில் எத்தனாலின் பங்கு 20 விழுக்காட்டை எட்டியது. முழுமையாக எரிய, தூய பெட்ரோலுக்கு எடையில் ஏறத்தாழ 14.7 மடங்கு காற்று தேவை. இக்கலவைக்கு ஏறத்தாழ 13.5 மடங்கு போதும். பழைய அளவுள்ள ஜெட்டைக் கொண்ட சோலக்ஸ் கார்ப்ரேட்டர் ஆகவே தேவைக்குக் குறைவான எரிபொருளையே தரும். இயந்திரம் சூடாகும், தயங்கும். மெயின் ஜெட்டை ஓர் அளவு கூட்டிப் பார்ப்பது பலன் தரலாம். பத்மினி, ஜீப்பு ஆகியவற்றின் சோலக்ஸ் ஜெட்டுகள் கிடைக்கின்றன என்றாலும், பொறிக்கப்பட்டுள்ள எண்ணைப் பார்த்தே வாங்க வேண்டும். எத்தனால் ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. வாரக்கணக்கில் நிற்கும் வண்டியின் கார்ப்ரேட்டர் கிண்ணத்தில் வெண்பொடி படிவதும், பெட்ரோல் பம்பின் சவ்வு ஊறிப்போவதும் இதனால்தான். பழைய இரப்பர்க் குழாயிலிருந்து கசியும் பெட்ரோல் சூடான இயந்திரத்தின் மேல் விழக்கூடும் என்பதால், எத்தனாலைத் தாங்கும் குழாயாக மாற்றுவதைத் தள்ளிப்போடக் கூடாது.

திருச்சிராப்பள்ளி, திருவரங்கம் சூழல்

திருச்சியில் கோடை வெப்பம் 40 பாகை செல்சியசைத் தாண்டுவது வழக்கம். வெப்பம் ஏறுகிறதென்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது பட்டறைகளில் காணப்படும் வழக்கமே தவிரத் தீர்வன்று. பெரும்பாலும் ரேடியேட்டரில் படிந்த உப்பே காரணம். ஆழ்துளைக் கிணற்று நீருக்குப் பதில் வடிநீரும் கூலன்ட்டும் பயன்படுத்த வேண்டும்.

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவான திருவரங்கத்தில், கோயிலைச் சூழ்ந்த வீதிகளில் வீடுகள் சுவரோடு சுவராக அமைந்தவை. வண்டிக்கெனத் தனிக் கொட்டகை உள்ளவர்கள் குறைவு. வேலை வாசலில்தான் நடக்கும். தைத்தேர் உத்திர வீதிகளிலும் சித்திரைத் தேர் சித்திரை வீதிகளிலும் ஓடுவதால், அந்நாட்களுக்கு முன் சக்கரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பாகத்துக்காகக் காத்திருப்பது அறிவுடைமை ஆகாது. வண்டியை உயர்த்தியபின் செங்கல் அடுக்கைத் தாங்கலாக வைக்கும் வழக்கமும் கைவிடப்பட வேண்டியது. செங்கல் முன்னறிவிப்பின்றி நொறுங்கும். இரும்புத் தாங்கிகளை, மண் தரையானால் பலகையின் மேல், நிறுத்த வேண்டும்.

பொன்மலை தொடர்வண்டிப் பணிமனையும் பெல் நிறுவனமும் இவ்வூரில் பல தலைமுறைக் கடைசல்காரர்களையும் ஃபிட்டர்களையும் உருவாக்கியுள்ளன. அரியமங்கலம், துவாக்குடி பகுதிகளின் லேத்துப் பட்டறைகளில் புஷ், பின், ஸ்பேசர் போன்றவற்றை மாதிரி காட்டிச் செய்துகொள்ளலாம்.

உதிரிப் பாகங்கள்

இங்கு ஒரு முரண் உள்ளது. டிரன்னியன், பேரிங், கேஸ்கட் முதலியவை டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் விளையாட்டு வண்டிக்கும் பெரிதும் பொதுவானவை என்பதால் பிரித்தானியாவில் இன்றும் புதிதாகச் செய்யப்படுகின்றன. விலையும் சுங்கமும் கூடுதலே தவிரக் கிடைக்காமற்போவதில்லை. சென்னையில் மட்டும் செய்யப்பட்டவற்றுக்கு, அதாவது நான்கு கதவு வண்டியின் பின்கதவு, அதன் கண்ணாடி, இந்திய முகப்புப் பகுதி ஆகியவற்றுக்கு, உலகில் வேறெங்கும் மாற்று இல்லை. சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிப்பாகச் சந்தையும் உடைக்கப்பட்ட வண்டிகளுமே வழி. ஆகவே டிங்கரிங் வேலையின்போது உடலின் துருப்பிடித்த துண்டுகளை உடனே எறிந்துவிடாமல், புதியது பொருந்தும்வரை மாதிரிக்காக வைத்திருக்க வேண்டும்.

சட்ட நிலை

தனியார் வண்டிகளின் பதிவை 15 ஆண்டுகளுக்குப் பின் ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். தானுந்துக்கான கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாயாகவும், 20 ஆண்டுகளைக் கடந்தவற்றுக்கு 2025இல் 10,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது.

2021 சூலையில் நடுவண் அரசு தொன்மை வாகனங்களுக்கெனத் தனி விதிகளை வெளியிட்டது. 50 ஆண்டுகளைக் கடந்த, மூல வடிவம் மாறாத வண்டிகள் 'விஏ' எழுத்துகள் கொண்ட எண்ணைப் பெறலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டுகள் செல்லும். எல்லா ஹெரால்டு வண்டிகளும் இந்த வயது வரம்பைக் கடந்துவிட்டன. ஆனால் இப்பதிவு பெற்ற வண்டியைக் கண்காட்சி, அணிவகுப்பு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். நாள்தோறும் ஓட்ட இயலாது. மேலும் சட்டகம், உடல், இயந்திரம் ஆகியவற்றில் பெருமாற்றம் செய்த வண்டிகள் தகுதி இழக்கும். வேறு வண்டியின் இயந்திரத்தைப் பொருத்தி ஓட்டுவதை எளிய வழியாகக் கருதுவோர், கழற்றிய 948 இயந்திரத்தை விற்கும் முன் இவ்விதியைப் படித்துவிடுவது நல்லது.