கப்பி வில்லும் மூங்கில் வில்லும்

வில்வித்தை என்றதும் நமக்கு அர்ஜுனனும் ஏகலைவனும்தான் நினைவுக்கு வருவார்கள். தேனி மாவட்டத்துக்காரர்கள் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஆண்டிப்பட்டி வட்டத்திலுள்ள புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தமிழி எழுத்துப் பொறித்த நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். அவை கி.மு. நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. அவற்றில் ஒன்று, கூடலூரில் நடந்த ஆகோள் பூசலில் இறந்த அந்தவன் என்ற வீரனுக்கு எடுத்த கல். ஆகோள் என்றால் மாடுகளைக் கவர்ந்து செல்வது. அந்தக் கூடலூர், கம்பம் பள்ளத்தாக்கில் இன்றும் இருக்கும் கூடலூர்தான் என்று கருதுவோர் உண்டு.

அந்தக் கல்லில் வில்லின் படம் இல்லை. ஆனால் இத்தகைய வெட்சிப் போரில் மறவர்கள் வில்லேந்திச் சென்றதைச் சங்கப் பாடல்கள் காட்டுகின்றன. பிற்காலத்துச் செங்கம் நடுகற்களில் வீரர்கள் வில்லும் கையுமாகவே நிற்கிறார்கள். பள்ளத்தாக்கின் மேற்கு மலையைத் தாண்டினால் சேரநாடு. சேரர்களின் சின்னமே வில்தான்!

அந்த வில் எளிமையானது. ஒரு கழி, ஒரு நாண், அவ்வளவுதான். நாணை இழுக்க இழுக்கப் பாரம் கூடிக்கொண்டே போகும். கன்னம் வரை இழுத்து நிறுத்தும்போதுதான் முழுப் பாரமும் விரல்களிலும் முதுகிலும் விழும். பல ஆயிரம் ஆண்டுகளாக வில்லின் வடிவம் மாறினாலும் இந்த அடிப்படை மட்டும் மாறவில்லை.

மாற்றியவர் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தைச் சேர்ந்த ஹாலஸ் வில்பர் ஆலன். வில்லின் இரு முனைகளிலும் கப்பிகளைப் பொருத்தி 1966இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1969இல் அது கிடைத்தது. இதுதான் காம்பவுண்ட் வில். கிணற்றுக் கப்பி போலத் தோன்றினாலும் இதன் சக்கரங்கள் மையம் விலகிச் சுழல்பவை. அதனால் ஓர் அளவுக்கு மேல் இழுத்ததும் பாரம் சட்டென்று குறைந்துவிடும். 60 பவுண்டு வில்லில் 75 சதவீதம் குறைந்தால், கையில் நிற்பது வெறும் 15 பவுண்டுதான். நிதானமாகக் குறிபார்க்கலாம். அதற்கு உருப்பெருக்கிக் கண்ணாடி உண்டு. நாணை விடுவிக்க விசைக்கருவியும் உண்டு.

இந்த வில்லில் இந்தியா நன்றாகவே முன்னேறியது. 2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டில் ஆண்கள் காம்பவுண்ட் அணி தங்கம் வென்றது. 2023 பெர்லின் உலகப் போட்டியில் அதிதி சுவாமியும் ஓஜஸ் தேவ்தலேயும் தனிநபர் பட்டம் பெற்றார்கள். 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்ட் கலப்பு அணிப் போட்டியும் சேர்க்கப்பட்டுள்ளது.

இவ்வளவு வசதியான வில்லை விட்டு ஏன் மர வில்லுக்குத் திரும்ப வேண்டும்? ஆனாலும் திரும்புகிறார்கள். அமெரிக்காவில் 1980களிலேயே இந்தப் போக்கு தொடங்கிவிட்டது. திரும்புகிறவர்களுக்கு முதல் நாளே ஓர் உண்மை புரியும். 60 பவுண்டு காம்பவுண்ட் வில்லைச் சுலபமாக இழுத்தவருக்கு 40 பவுண்டு மர வில்லை இழுத்து நிறுத்தக் கை நடுங்கும். ஏனென்றால் இங்கே அந்த 40 பவுண்டும் குறையாமல் நிற்கிறது. விசைக்கருவி இல்லாததால் விரல் சற்றுப் பிசகினாலும் அம்பு விலகும். மர வில்லில் அம்பு நடுவில் இல்லாமல் பக்கவாட்டில் இருக்கும். புறப்படும்போது வளைந்து வில்லைச் சுற்றிக்கொண்டுதான் போகும். அதனால் வில்லின் வலுவுக்கு ஏற்ற வளைவுத்தன்மை உள்ள அம்பைத் தேர்ந்தெடுக்கவும் கற்க வேண்டும். இதுவரை தன் திறமை என்று நினைத்ததில் எவ்வளவு சக்கரத்தின் திறமை என்பது அப்போதுதான் தெரியவரும்.

நம் நாட்டில் பலருடைய பயணம் இதற்கு நேர் எதிர். ராஜஸ்தான் பழங்குடி இளைஞரான லிம்பா ராம் மூங்கில் வில்லில் பழகியவர். 1987இல் தேர்வாகி நவீன வில்லுக்கு மாறினார். 1992இல் பெய்ஜிங் ஆசியப் போட்டியில் 30 மீட்டர் பிரிவில் உலகச் சாதனையைச் சமன் செய்தார். அவருடைய கண்ணையும் கையையும் முதலில் பழக்கியது மூங்கில்தான்.

அந்த மூங்கில் வில்லுக்கு இந்திய வில்வித்தைச் சங்கத்தின் தேசியப் போட்டிகளில் 'இந்தியன் ரவுண்ட்' என்ற தனிப் பிரிவு உண்டு. தூரம் 50 மீட்டரும் 30 மீட்டரும். ஆனால் இதில் வெல்பவருக்கு உலகப் போட்டியோ ஒலிம்பிக்கோ கிடையாது. மேலே போக வேண்டுமானால் விலை அதிகமான வெளிநாட்டு வில் வாங்கியாக வேண்டும். எத்தனை கிராமத்துப் பிள்ளைகளால் அது முடியும்?

ஆகவே மர வில்லுக்குத் திரும்புவதைப் பழமை மோகம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. கருவி செய்துகொடுத்த வேலையை உடம்பு மீண்டும் கற்றுக்கொள்வதே அது. காம்பவுண்ட் வில் பதக்கம் தரட்டும், மகிழ்ச்சிதான். அதே நேரத்தில், மூங்கில் வில்லோடு வரும் பிள்ளைக்கும் பயிற்சியும் நல்ல வில்லும் கிடைக்க வேண்டும். கூடலூர் ஆகோளைக் கல்லில் எழுதி வைத்த மண்ணுக்கு வில்லின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை!