மொறிஸ் மைனருக்கு ஐந்தாவது கியர்: மாற்றலாம், ஆனால் காரை வெட்ட வேண்டாம்

யாழ்ப்பாணத்து வீதிகளில் இன்றும் ஓடுகின்ற பழைய கார்களில் மொறிஸ் மைனருக்கும் ஒஸ்ரின் ஏ40 இற்கும் தனி இடம் உண்டு. வாடகைக்கும் கலியாணத்துக்கும் ஓடிய இந்தக் கார்கள், 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயிலும் ஓடின. கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராற் செய்து, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றிய அந்த வித்தை எங்கள் மெக்கானிக்குகள் கண்டது. அதே 1990களில் நாட்டின் தென்பகுதியில் மொறிஸ் மைனர் உதிரிப்பாகங்கள் செய்யப்பட்டு பிரித்தானியாவுக்கு ஏற்றுமதியாகின. இங்கே ஒரு பற்றரி கூடக் கிடைக்கவில்லை.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திறக்கப்பட்டது. அந்த இடைவெளியில் பல வீடுகளில் பழைய கார்கள் மீண்டும் கராஜுக்குப் போயின. அப்படிப் போகும்போது எழும் கேள்விகளில் ஒன்று: பழைய நாலு கியர் பெட்டியைக் கழற்றிவிட்டு ரொயோட்டா ஐந்து கியர் பெட்டி பூட்டலாமா? எங்கள் வீட்டிலும் இந்தக் கேள்வி வந்தது. அதற்காக நான் கேட்டறிந்தவற்றையும் பார்த்தறிந்தவற்றையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

பழைய பெட்டி எப்படி வேலை செய்கிறது?

மொறிஸ் மைனர் 1948இல் அறிமுகமானது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1956இல் 948 சிசி என்ஜினோடு மைனர் 1000 வந்தது. 1962இல் அது 1098 சிசி ஆனது. எல்லா மைனர்களிலும் நாலு முன்கியர்கள்தான். இரண்டு, மூன்று, நாலுக்குச் சிங்க்ரோமெஷ் உண்டு. அதாவது பற்சக்கரங்கள் பொருந்துமுன் அவற்றின் வேகத்தை ஒன்றாக்கும் பித்தளை வளையம். முதலாம் கியருக்கு அது இல்லை. கார் உருண்டுகொண்டிருக்கும்போது முதலாம் கியர் போட வேண்டுமானால், நியூற்றலில் ஒருமுறை கிளச்சை விட்டு, சற்று அக்சிலரேற்றர் கொடுத்து, மீண்டும் கிளச் மிதிக்க வேண்டும். பழகாதவர் கையில் பற்கள் உராயும்.

இரண்டாவது குறை நெடுந்தூரத்தில் தெரியும். 1098 சிசி காரின் பின் டிஃபரன்ஷல் விகிதம் 4.22. 145/80 ஆர்14 ரயரோடு மணிக்கு 80 கிலோமீற்றரில் போனால் நாலாம் கியரில் என்ஜின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3,100 தடவை சுற்றும். 948 சிசி காரில் அந்த விகிதம் 4.55, சுழற்சி 3,400ஐத் தொடும். ரொயோட்டாவின் ஐந்தாம் கியர் விகிதம் சுமார் 0.86. அதே வேகத்தில் சுழற்சி முறையே 2,700 அளவுக்கும் 2,900 அளவுக்கும் இறங்கும். ஏ9 வீதியின் வன்னிப் பகுதி போன்ற நீண்ட சமதரையில் சத்தம் குறைவதும் என்ஜின் இளகி ஓடுவதும் உடனே தெரியும். மாத்தளையைத் தாண்டி ஏறும்போது 48 குதிரைவலு என்ஜினுக்கு ஐந்தாம் கியர் உதவாது.

பெற்றோல் மிச்சத்தை மட்டும் நம்பி இந்த வேலையில் இறங்க வேண்டாம். மிச்சம் சிறிது, செலவைத் திரும்ப எடுக்க நீண்டகாலம் எடுக்கும்.

முதலில் நோயைக் கண்டுபிடியுங்கள்

முதலாம் கியரிலும் பின்கியரிலும் கேட்கும் கூவல் நேர்வெட்டுப் பற்களின் இயல்பு, அது பழுதல்ல. கிளச் பெட்டியின் அடியில் எண்ணெய் சொட்டினால் கியர் பொக்ஸை உடனே குற்றம் சாட்ட வேண்டாம். இந்த என்ஜினின் கிராங்கின் பின்முனையில் இறப்பர் சீல் கிடையாது. சுருள் வெட்டு ஒன்றே எண்ணெயைத் தடுக்கிறது. கசிவு அங்கிருந்து வந்தால் பெட்டியை மாற்றியும் பயனில்லை. கியர் தானாகக் கழன்று விழுவது, இரண்டாம் கியருக்குப் போகும்போது உராய்வது போன்றவை மட்டும்தான் பெட்டியின் உள்ளே தேய்மானம் என்பதற்கான அடையாளங்கள்.

எந்தப் பெட்டி?

பிரித்தானியாவில் ஃபோர்ட் சியராவின் ரைப் 9 பெட்டியைப் பூட்டுவது வழமை. எங்கள் நாட்டில் கிடைப்பது ரொயோட்டா. பழைய பின்சில்லு இயக்கக் கொரோலாக்களில் வந்த கே50, ரி50 என்னும் இரண்டும் இதற்குப் பொருத்தமானவை. அளவில் சிறிய கே50 மைனருக்கு இலகு. வான்களிலிருந்து வரும் சில பெட்டிகளில் கியர் கோல் அமைப்பு வேறாக இருக்கும். ஆகவே காரில் இருந்த பெட்டியா என்று பார்த்து வாங்குங்கள். பெட்டியோடு பெல் ஹவுசிங், கிளச் கவை, புரொப்பெல்லர் ஷாஃப்ற்றின் முன் யோக் ஆகியவற்றையும் சேர்த்துக் கேளுங்கள். பிறகு தனித்தனியாகத் தேடுவது பெரும்பாடு.

செய்ய வேண்டிய வேலைகள்

மொறிஸ் என்ஜினும் ரொயோட்டா பெல் ஹவுசிங்கும் நேரடியாகப் பொருந்தா. இரண்டுக்கும் நடுவே லேத்தில் வெட்டிய தடித்த இடைத்தட்டு வேண்டும். இந்த முழு வேலையின் உயிர்நிலை அதுவே. கிராங்கின் மையமும் பெட்டியின் உள்வாங்கும் தண்டின் மையமும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்த்தால் முள்ளின் ஆட்டம் 0.005 அங்குலத்தைத் தாண்டக்கூடாது. கண்ணளவில் பூட்டிய பெட்டியும் முதல் மாதம் நன்றாகத்தான் ஓடும். பிறகு முன் பெயரிங் இரையும், கிளச் இழுக்கும், கியர் கழரும். டயல் கேஜ் இல்லாத கராஜில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

கிராங்கின் முனையில் இருக்கும் பைலட் புஷ்ஷை ரொயோட்டாத் தண்டின் அளவுக்கு வெண்கலத்தில் புதிதாகக் கடைய வேண்டும். கிளச் பிளேற்றின் வெளிவிட்டம் மொறிஸுக்கும், நடுப் பற்கள் ரொயோட்டாவுக்கும் பொருந்த வேண்டும். 948 சிசி காரில் வெளிவிட்டம் 6¼ அங்குலம், 1098இல் 7¼ அங்குலம். மைனரின் கிளச் கோல்களால் இயங்குவது. அந்தக் கோல்கள் புதிய பெட்டிக்கு எட்டாவிட்டால் சிலேவ் சிலிண்டர் வைத்து எண்ணெய் அழுத்தத்துக்கு மாற்ற வேண்டும்.

புரொப்பெல்லர் ஷாஃப்ற்றை நீளம் அளந்து திருத்தி, ரொயோட்டா யோக் பூட்டி, பலன்ஸ் செய்ய வேண்டும். பெட்டியின் வெளித்தண்டும் டிஃபரன்ஷலின் முன்தண்டும் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வேகத்தில் கார் நடுங்கும். ஸ்பீட் மீற்றர் காட்டும் வேகமும் பிழைக்கும். கைப்பேசியின் ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய பெட்டிக்கு என்ஜின் எண்ணெய்தான் விடுவோம்; புதிய பெட்டிக்கு அது கூடாது. ஜிஎல்-4 வகை 75டபிள்யூ-90 கியர் எண்ணெய் விட வேண்டும்.

இன்னொன்று பிறேக். ஐந்தாம் கியர் வலுவைக் கூட்டாது, ஆனால் வேகமாகப் போகும் ஆசையைக் கூட்டும். 1962இற்கு முந்திய மைனர்களின் முன் பிறேக் ட்ரம் 7 அங்குலமே. 1098இல் 8 அங்குலம். பிறேக்கைச் சரிபார்க்காமல் கியர் பொக்ஸில் காசைப் போடாதீர்கள்.

எதை வெட்டக்கூடாது

எங்கள் கார் 1963ஆம் ஆண்டு மைனர். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் வெளியேறியபோது, பெரியப்பா அதில் அப்பாச்சியையும் எங்கள் குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு செம்மணி, நாவற்குழி வழியாகத் தென்மராட்சிக்குப் போனார். சனத்துக்கு நடுவே நடை வேகத்தில், இரவு முழுவதும் முதலாம் கியரில். இன்று அவருக்கு முழங்கால் வலி. கிளச்சை இரண்டு தடவை மிதிக்க முடியவில்லை. வவுனியா வரை தானே ஓட்ட ஆசை. ஆனாலும் பெட்டி மாற்றும் பேச்சு வந்தபோது அவர் கேட்டது ஒரே கேள்விதான்: எங்களைக் கொண்டுவந்து சேர்த்த பெட்டியை இரும்புக்கடைக்கா போடப் போகிறீர்கள்?

தொழிற்சாலையில் இருந்து வந்தபடியே கார் இருக்க வேண்டும் என்ற வாதம் எங்கள் ஊருக்கு முழுதாகப் பொருந்தாது. மாற்றி மாற்றித்தான் இந்தக் கார்கள் பிழைத்தன. ஆனால் மண்ணெண்ணெய்க்காகச் செய்த மாற்றங்களைப் பெற்றோல் வந்ததும் கழற்ற முடிந்தது. இதற்கும் அதே விதியை வைத்துக்கொள்ளலாம்.

மைனரின் கியர் பொக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டமும் தரையில் அதன் மேல் மூடியும் போல்ற்றில் கழலக்கூடியவை. புதிய பெட்டிக்கு வேறு குறுக்குச் சட்டம் செய்து பூட்டுங்கள். கியர் கோலுக்குத் துளை வெட்டுவதானால் பழைய மூடி ஒன்றைத் தேடி வாங்கி அதில் வெட்டுங்கள். தரைத் தகட்டை ஓரிடத்தில் சற்றுத் தட்டிச் சரிசெய்ய நேரலாம். முன் சில்லுகளின் முறுக்குக் கம்பிகள் பின்முனையில் பிடிக்கும் இடத்தை மட்டும் வெட்டவோ வெல்ட் செய்யவோ விடாதீர்கள். காரின் முன்பாரம் அதில்தான் நிற்கிறது. காப்புறுதி நிறுவனத்துக்கும் மாற்றத்தை முன்கூட்டியே அறிவியுங்கள்.

கழற்றிய பெட்டியை எண்ணெய் நிரப்பி, வாய்களை அடைத்து, அதன் கிளச், ஷாஃப்ற், குறுக்குச் சட்டம், போல்ற்றுகளோடு ஒரே இடத்தில் வையுங்கள். எந்தக் காருடையது, எந்த ஆண்டில் கழற்றியது என்று ஒரு தகட்டில் எழுதிக் கட்டிவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து திரும்பும் பிள்ளையோ பேரப்பிள்ளையோ ஒருநாள் அதை மீண்டும் பூட்ட விரும்பலாம். இந்த நிபந்தனையோடுதான் பெரியப்பா சம்மதித்தார்.