கோலுக்குப் பதில் கல்

நோயுற்ற மகளுக்குச் சொன்ன கதையே 1945இல் 'பிப்பி லாங்ஸ்டாக்கிங்' நூலாயிற்று. முதலில் நாடிய பதிப்பகம் அதனை மறுத்தது. ஆயினும் சுவீடனின் ஆஸ்திரித் லிண்ட்கிரனை (1907–2002) ஆசிரியப் பெருமக்கள் அறிய வேண்டுவது அவரது 1978ஆம் ஆண்டு உரையால்.

ஜெர்மானியப் புத்தக வணிகரின் அமைதிப் பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டது. உரை வேண்டாம், பரிசை மட்டும் பெற்றுக்கொள்ளுங்கள் என்றனர் அமைப்பாளர். உரையில்லையேல் வருகையும் இல்லை என்றார் அவர், பேசவும் செய்தார். தாயொருத்தி தன் மகனை, அவனையே அடிப்பதற்குக் கோல் கொண்டுவர அனுப்பிய கதையை அங்குச் சொன்னார். கோல் கிடைக்கவில்லை, இக்கல்லை என்மீது எறியலாம் என்று அழுதபடி வந்து நின்றான் சிறுவன். தாயும் அழுதாள், அக்கல்லை அடுக்களையில் எடுத்து வைத்தாள்.

மறு ஆண்டே, பிள்ளைகளை அடிப்பதை வீட்டிலும் தடைசெய்த முதல் நாடாயிற்று சுவீடன். உரை ஒன்றே அதற்குக் காரணமன்று. தொடக்கப்பள்ளிகளில் அடி 1958இலேயே விலக்கப்பட்டிருந்தது. வீட்டு வாசலைத் தாண்டவே சட்டத்திற்கு மேலும் 21 ஆண்டுகள் பிடித்தன.