பாமினி முதல் யுனிகோட் வரை: நம் எழுத்துகள் உடைந்த கதை



ஊரில் பலரின் வீடுகளில் பழைய சீடிகளும் பென்டிரைவ்களும் கிடக்கின்றன. பாடசாலை ஆண்டு மலர், பள்ளிவாசல் திறப்பு விழா மலர், மர்ஹூம்களான நம் எழுத்தாளர்கள் டைப் செய்து வைத்த கவிதைகள் எல்லாம் அவற்றில் இருக்கின்றன. இன்றைய கணினியில் போட்டுத் திறந்தால் கோழி கிண்டியது போல ஆங்கில எழுத்துகள்தான் வருகின்றன. "ஃபைல் பழுதாகிவிட்டது" என்று சொல்லி அழித்தும் விடுகிறார்கள். அது பழுது இல்லை. ஏன் என்று விளங்க, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

கணினிக்கு எழுத்து தெரியாது, இலக்கம்தான் தெரியும். எந்த இலக்கம் எந்த எழுத்து என்று சொல்லும் அட்டவணைதான் குறியேற்றம். 1963இல் அமெரிக்காவில் வந்த ஆஸ்கி அட்டவணையில் 128 இடங்கள். அதில் தமிழுக்கு ஒரு இடமும் இல்லை.

அப்போது நம்மவர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். இலக்கத்தை அப்படியே விட்டுவிட்டு எழுத்தின் படத்தை மட்டும் மாற்றினார்கள். பாமினி அப்படிப்பட்ட ஒரு எழுத்துரு. இலங்கையிலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் அச்சகம், பத்திரிகை, வினாத்தாள் என்று எங்கும் அதுதான். பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் கணினிக்குள் பதிவாவது ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. இந்த ஐந்தும்தான். பாமினி என்ற கண்ணாடி போட்டுப் பார்த்தால் தமிழ். கண்ணாடியைக் கழற்றினால் ஆங்கிலக் குப்பை. ஆகவே பழைய மலர்கள் அழியவில்லை, கண்ணாடிதான் இல்லை.

எழுத்தை இன்னொரு அச்சுக்குள் ஏற்றுவது நம் சமூகத்துக்குப் புதிதுமல்ல. அரபுத் தமிழில் எழுதிய நம் முன்னோர்கள் அரபியில் இல்லாத ப, ட, ள போன்ற ஒலிகளுக்குப் புள்ளிகளைச் சேர்த்துப் புது எழுத்துகள் செய்துகொண்டார்கள். அந்த முறை தெரிந்தவர் குறைந்ததும், கையில் கிதாபு இருந்தும் வாசிக்க ஆள் இல்லாமல் போனது. பாமினிக்கும் இப்போது அந்த நிலைதான் வந்துகொண்டிருக்கிறது.

சிக்கல் பாமினியோடு நிற்கவில்லை. ஆளுக்கொரு எழுத்துரு, ஒவ்வொன்றிலும் வேறு வேறு இடங்கள். இணையத்தில் எழுதியவர்கள் கூடிப் பேசி திஸ்கி என்று ஒன்றை உருவாக்கினார்கள். ஆங்கிலத்தைத் தொடாமல் மேல்பாதி 128 இடங்களில் தமிழை வைத்தார்கள். 1999 பெப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டிலிருந்து டாம், டாப் என்ற இரண்டு வந்தன. ஒற்றுமைக்காகக் கூடி எண்ணிக்கையைக் கூட்டினார்கள் என்று சிரிக்கலாம்தான். ஆனால் தமிழ்நாட்டு விசைப்பலகைக்கு ஒரு ஒழுங்கு அங்குதான் கிடைத்தது.

உண்மையில் தீர்வு முன்பே வந்திருந்தது. 1991இல் வெளியான யுனிகோட்டின் முதல் பதிப்பிலேயே தமிழுக்குத் தனி இடம் உண்டு. கணினிகள்தான் தாமதித்தன. விண்டோஸ் 2000இல் லதா எழுத்துருவோடு தமிழ் வந்த பிறகே சாதாரண மனிதருக்கு அது கிடைத்தது. 247 எழுத்துக்கும் தனித்தனி இடம் தரவில்லையே என்ற மனக்குறை பலருக்கு உண்டு. தமிழ்நாடு அரசு 2010இல் அப்படியொரு 16 பிட் முறையையும் அங்கீகரித்தது. எங்கள் பார்வையில் அந்த வழக்கு முடிந்துவிட்டது. உலகம் முழுக்க ஒரே அட்டவணையில் நாமும் இருப்பதுதான் பெரிது.

யுனிகோட் வந்த பிறகும் ஏன் உடைகிறது? தமிழாக்கம் செய்த இணையச் செயலிகளைப் பயன்படுத்தும் ஆசிரியர்கள் இதை அடிக்கடி கேட்கிறார்கள். யுனிகோட்டை யூடிஎஃப்-8 என்ற முறையில் சேமிக்கும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட் எடுக்கும். 'தமிழ்' என்பதில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று 5 குறிகள், ஆக 15 பைட். மொழிபெயர்ப்புக் கோப்பு, தரவுத்தளம், இரண்டுக்கும் இடையிலான இணைப்பு, திரையில் வரும் பக்கம் இந்த நான்கும் அதை யூடிஎஃப்-8 என்றே வாசிக்க வேண்டும். ஒன்று மட்டும் ஐரோப்பிய லத்தீன் என்று நினைத்து வாசித்தாலும் ஒவ்வொரு பைட்டும் தனி எழுத்தாகிவிடும். மை எஸ்கியூஎல் தரவுத்தளத்தை உருவாக்கியது சுவீடன் நிறுவனம் என்பதால், 2018இல் 8ஆம் பதிப்பு வரும் வரை அதன் இயல்பு அமைப்பு சுவீடிஷ் வரிசையில் அடுக்கிய லத்தீன். நம் பிள்ளைகளின் பெயர்கள் சுவீடன்காரர் கண்ணால் பார்க்கப்பட்டன!

உடைந்த விதத்தைப் பார்த்தே காரணத்தைச் சொல்லலாம். தலையில் சாய்கோடு போட்ட 'ஏ'யும் வட்டத்துக்குள் 'ஆர்'உம் மாறி மாறி வந்தால், பெரும்பாலும் தரவு பத்திரமாக இருக்கிறது, வாசிக்கும் முறைதான் பிழை. அந்த நிலையில் திருத்தி எழுதிச் சேமிக்கவே கூடாது. வெறும் பெட்டிகள் வந்தால் அந்தக் கருவியில் தமிழ் எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். கேள்விக்குறி வரிசையாக வந்தால்தான் பயப்பட வேண்டும். லத்தீனில் இடமில்லாத எழுத்தைத் தூக்கி எறிந்துவிட்டுக் கேள்விக்குறியைச் சேமித்திருக்கிறது. எங்களுக்குத் தெரிந்த ஒரு செயலியில் ஒரு வகுப்பின் பெயர்ப் பட்டியலே இப்படிப் போனது. பிறப்புச் சான்றிதழ்களைத் திரும்ப வாங்கித்தான் ஏற்ற முடிந்தது.

எக்செல்லில் சீஎஸ்வி கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறப்பதும் இதே ஆபத்து. தரவு இறக்குமதி வழியாகப் போய் 65001 யூடிஎஃப்-8 என்பதைத் தெரிவு செய்யுங்கள்.

இனிப் பழைய பாமினிக் கோப்புகள். மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் மாற்றிவிட்டு மூலத்தை அழித்துவிடாதீர்கள். பாமினியில் ஒற்றைக்கொம்பை முதலில் அடித்துப் பிறகுதான் எழுத்தை அடிப்போம். யுனிகோட்டில் எழுத்து முதலில், கொம்பு பிறகு. மாற்றி இதைப் புரட்டிப் போட வேண்டும், சிலது சரியாகச் செய்வதில்லை. 'கொ'வில் ஒகரக் குறி ஒரே குறியாகவும் வரலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் வரலாம். கண்ணுக்கு ஒன்றுதான், தேடினால் சில மென்பொருள்களில் அகப்படாது. 'ஔ' இருக்க வேண்டிய இடத்தில் ஒவும் ளவும் நிற்கும். கட்டுரைக்கு நடுவே உண்மையான ஆங்கிலச் சொல்லோ மின்னஞ்சல் முகவரியோ இருந்தால் அதையும் பொருளில்லாத தமிழாக்கிவிடும். ஆண்டுகளுக்கு ஆபத்தில்லை, பாமினியில் இலக்கங்கள் இலக்கங்களாகவே இருக்கின்றன. பெயர்களை மட்டும் அச்சுப் பிரதியோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பாருங்கள். அச்சுப் பிரதி இல்லையென்றால், அந்தக் குடும்பத்தில் மூத்தவர் ஒருவரைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு வாசியுங்கள்.